ஒன்றரைச் சுத்து

தொடலாமுங்க, தொடலாமுங்க. கை வெச்சா ஒண்ணும் ஆயிராது, பெயிண்ட் காஞ்சு நாளாச்சு. அந்த முன்பக்கத்த மட்டும் அமுக்கிப் பாக்காதீங்க. அமுக்குனா அமுங்காது. அது வேற சமாச்சாரம்.

மாப்ள ஊட்டுக்காரருங்களா? அதான பாத்தேன். எங்க ஆளுகளா இருந்தா இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. காலையிலிருந்து இந்த வண்டிக்கிட்ட வந்து "நல்லா இருக்குதுங்களே"ன்னு ஒரு வார்த்தை சொன்ன மொத ஆளு நீங்கதான். பெருந்துறைங்களா? சரிதானுங்க. டிபனுக்கா போறீங்க? டிபன் எங்கீங்க போயிருது, பந்தி இப்பத்தான் ஆரம்பிச்சிருக்குது. ஒரு நிமிசம் நில்லுங்க.

நான் யாருன்னா, கேட்டுல நொழையறப்ப ஒரு பிளெக்ஸ் பாத்திருப்பீங்க. கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு இந்த வண்டி மேல கைய ஊனிக்கிட்டு ஒரு ஆளு நிக்கறாரு பாருங்க, அது நானுங்க. தண்டபாணி. பொண்ணுக்குத் தாய்மாமன். தாராபுரத்துல பிளெக்ஸ் கடை வெச்சிருக்கறேன், அதும் நாங்களே அடிச்சதுதான். பொண்ணும் மாப்ளையும் அதுல இல்லையான்னு ஒருத்தன் கேக்கறான். இருக்கறாங்க, கீழ ஓரத்துல வட்டத்துக்குள்ள இருக்கறாங்க. வண்டி நீளமுங்க. எடம் பத்தல.

தாய்மாமனுக்கு மண்டபத்துக்கு வெளிய என்ன வேலைன்னு நெனைக்கறீங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. சொல்றேன். நீங்க வெளியாளு, நீங்களே கேட்டுப்போட்டு ஞாயத்தச் சொல்லுங்க. உள்ள இருக்கறவங்களுக்கு ஞாயம் தெரியாது.

இது எங்க மாமா ஓட்டுன வண்டிங்க. எங்க அக்கா மரகதத்தோட ஊட்டுக்காரரு, கதிர்வேல் டாக்டர். பொண்ணோட அப்பா. மனுசனுக்கு டாக்டர் இல்லீங்க, மாட்டு டாக்டர். எங்க சுத்துப்பட்டுல அவரு கை படாத மாடு கெடையாது. எங்கயோ ஒரு தோட்டத்துல கன்னு வயித்துக்குள்ள மாறிக் கெடக்குது, மாடு கத்துதுன்னு தாக்கல் வந்தாப் போதும், இந்தப் பியட் காரை எடுத்துக்கிட்டு இட்டேரி, காடு, ஓடைன்னு போயிருவாரு. ஜீப்புக்காரனே யோசிக்கற தடத்துல இது போகும். அதுக்குன்னே பின்னாடி பட்டை ஸ்பிரிங்குல ஒரு பட்டை கூடச் சேத்திப் போட்டு வெச்சிருந்தாரு. வண்டி பின்னால தூக்கிக்கிட்டு, கெடாய் முட்ட வர்ற மாதிரி நிக்கும். பாக்க நல்லாவா இருக்கும்? நான் அப்பவே சொல்லுவேன். "மாமா, இதுல ஏறதுக்கு ஏணி வேணுமுங்க"ம்பேன். சிரிச்சுக்கிட்டே போயிருவாரு. நல்லது சொன்னாக் கேக்கற ஆளில்லை.

லீவு நாளானா அவரு பக்கத்து சீட்டுல எங்க தாரணி உக்காந்திருக்கும். இன்னைக்குப் பொண்ணு, அதுதானுங்க. மருந்துப் பொட்டிய மடியில வெச்சுக்கிட்டு, சன்னல் வழியா எட்டிப் பாத்துக்கிட்டே போகும். இந்த வண்டிக்குக் கியரு கையிலீங்க, ஸ்டேரிங்குப் பக்கத்துலயே இருக்கும் பாருங்க. அவரு கிளச்ச மிதிப்பாரு, புள்ள எக்கி நின்னு கியரைப் போடும். அப்பனுக்கும் மகளுக்கும் அப்படியொரு கூத்து. எனக்குப் பாக்கப் பயமா இருக்கும்.

மனுசன் ஒரு நாள் தோட்டத்துலிருந்து வந்தவரு, நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாரு, எந்திரிக்கலீங்க. அதுக்கப்பறம் வண்டி மாட்டுக் கொட்டாயில நின்னுச்சு. கோழி ஏறி அடைஞ்சுக்கிட்டிருந்துச்சு.

மைக்குலயா? ஆமாமுங்க, எனக்கும் கேட்டுச்சு. "பொண்ணோட தாய்மாமன் எங்கிருந்தாலும் மணமேடைக்கு வரவும்." எங்கிருந்தாலும்! நான் எங்க இருக்கறேன்னு அவங்களுக்குத் தெரியாதாக்கும்? காணாமப் போன புள்ளயக் கூப்பிடற மாதிரி மைக்குல கூப்பிட்டாப் போயிருவாங்களா? பட்டம் கட்டோணுமுங்க. எங்க பக்கம் முகூர்த்தத்துக்கு முன்ன தாய்மாமன்தான் பொண்ணு நெத்தியில பட்டம் கட்டோணும். உங்களுக்கும் அதே மொறைதானே, உங்களுக்குத் தெரியாததில்லை. அப்படியாப்பட்ட ஆளைத் தாம்பாளத்துல வெத்தலை பாக்கு வெச்சு, நேர்ல வந்து கூப்பிடோணுமா இல்லையா? நீங்களே சொல்லுங்க.

சரி, கதைக்கு வர்றேன்.

கல்யாணம் முடிவாச்சு. எங்க தாரணி எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. "மாமா, எங்கப்பா வண்டியிலதான் நான் மண்டபத்துக்குப் போகோணும். நீங்கதான் ஓட்டோணும்." அவ்வளவுதான். நகை கேக்கல, சீர் கேக்கல. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சுங்க. பொய் சொல்லல, ரோட்டுல நின்னு கண்ணத் தொடைச்சேன். அக்கா சாவிய எடுத்துக் கையில குடுத்தா. குடுக்கறப்ப ஒரு வார்த்தை சொன்னா பாருங்க, "தம்பி, ஓடற மாதிரி பண்ணிக் குடு, அது போதும்"ன்னா.

ஓடற மாதிரி! தாய்மாமன்கிட்டச் சொல்ற வார்த்தைங்களா இது? ஓடற மாதிரி பண்ணிக் குடுக்க நானென்ன மெக்கானிக்கா? ஊர் பேசற மாதிரி பண்ணோணும்னு முடிவு பண்ணுனேன். அவளுக்கென்ன தெரியும்.

மொதல்ல பெயிண்ட். மாமா காலத்துல மோருல தண்ணி ஊத்துன மாதிரி ஒரு வெள்ளை. அதை எடுத்துப்போட்டு இந்தச் செவப்பு. வீலு புதுசு, சீட்டு புதுசு. எல்லாம் பண்ணி நிறுத்திப் பாத்தா, என்னமோ கொறையுது. ரெண்டடி தள்ளி நின்னு பாத்தேன், உக்காந்து பாத்தேன். ஒசரமுங்க! அந்தப் பாழாப்போன ஒசரம். இப்ப போன்ல பாக்கறமில்லீங்க, இந்தப் பழைய காரெல்லாம் வயிறு தரையில ஒட்டற மாதிரி எறக்கி வெச்சு, அப்படியே ஊர்ந்து வருது. அதுல பொண்ணு எறங்குனா எப்படி இருக்கும்! ஊரே போனைத் தூக்காதுங்களா?

மாமா வண்டிக்கு எப்பவும் வேலை பாக்கற அந்தோணிகிட்டப் போனேன். "ஸ்பிரிங்க வெட்டி எறக்கிக் குடுப்பா"ன்னேன். அவன் கையத் தொடைச்சுக்கிட்டே, "வேண்டாமுங்க, வெட்டுனா ஸ்பிரிங் கட்டியாயிரும், குழியில விழுந்தா நேரா இடுப்புலதான் அடிக்கும். எறக்கியே ஆவோணும்னா அளவு குடுத்து வேற ஸ்பிரிங் பண்ணிக்கலாம், டாக்டர் ஸ்பிரிங்க விட்டுருங்க"ன்னான். டாக்டர் ஸ்பிரிங்காம். என்னமோ டாக்டரு வயித்துல பொறந்த ஸ்பிரிங்கு மாதிரி. வேலை செய்யத் தெரியாதவன் அட்வைஸ் பண்ணுவான்னு நெனச்சுக்கிட்டு, வண்டிய எடுத்துக்கிட்டுக் காங்கயம் போயிட்டேன்.

அங்க மோனிஷ்னு ஒரு தம்பி. இதே வேலையாத்தான் இருக்கறான். மூணு வார்த்தை பேசறதுக்குள்ள வண்டிய ஜாக்கி மேல ஏத்திட்டான். முன்னாடி ரெண்டு பக்கமும் சுருள் ஸ்பிரிங்குங்க, நல்லா பெருவெரல் தடி இருக்கும். கழட்டிக் கீழ வெச்சு, கிரைண்டர எடுத்துப் பிடிச்சான் பாருங்க, பொறி பறக்குது. தீபாவளி மாதிரி. ஒரு சுத்து வெட்டி எடுத்துட்டு மாட்டுனான். எறக்கிப் பாத்தா வண்டி கொஞ்சம் தணிஞ்சிருக்குது, ஆனா மனசு நெறையல. "இன்னும் கொஞ்சம் வரட்டும் தம்பி"ன்னேன். "அண்ணா, போதுமுங்கண்ணா"ன்னான். அவனே போதுமுங்கறான்! "யாரு வண்டிக்கு யாரு போதும் சொல்றது, வெட்டுடா"ன்னேன். இன்னொரு அரைச் சுத்து. பின்னாடி மாமா சேத்திப் போட்ட பட்டைய உருவியாச்சு, அதோட இன்னொரு பட்டையும் உருவியாச்சு.

எறக்குனான் பாருங்க. உக்காந்துச்சு. அப்படியே தரையில பசு படுத்த மாதிரி உக்காந்துச்சு. என்னா அழகுங்க! அங்கயே நின்னு போட்டோ எடுத்து, அன்னைக்கே பிளெக்ஸ் அடிச்சுட்டேன்.

அதோட விட்டனா? வெட்டுன அந்தச் சுத்த சும்மா வீசிப்போட மனசு வரல. நமக்குத்தான் ரசனை இருக்குதே. அதுக்குக் குரோமியம் பூசி, நடுவுல மாப்ள பொண்ணு போட்டோ வெக்கற மாதிரி ஒரு ஸ்டேண்டு பண்ணிக் கொண்டுபோய் தாரணி கையில குடுத்தேன். பளபளன்னு மின்னுது. திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. "இது எதுலிருந்து மாமா எடுத்தீங்க?"ன்னு கேட்டுச்சு. "உங்கப்பா வண்டி ஸ்பிரிங்குதான் கண்ணு"ன்னேன், பெருமையா. புள்ள அதை அட்டைப் பொட்டியில வெச்சு மூடி, பொட்டிய மேசை மேல வெச்சுட்டு உள்ள போயிருச்சு. ஒரு தேங்க்ஸ் இல்லை. சந்தோசத்துல வாய் அடைச்சுப்போச்சாட்டம் இருக்குதுன்னு நானே நெனச்சுக்கிட்டேன்.

அடுத்த நாளு குலசாமிக்குப் பத்திரிக்கை வெக்கப் போறோம். நானே ஓட்டறேன். தாரணி முன்னால, அக்கா பின்னால. ஊரு தாண்டற வரைக்கும் எப்படி வந்துச்சுங்கறீங்க, கப்பலு மாதிரி. அதுக்கப்பறம் நம்ம ரோட்டைத்தான் உங்களுக்குத் தெரியுமே. கெவர்மெண்டு ரோட்டை ஒழுங்காப் போட்டிருந்தா இன்னைக்கு எனக்கு இந்தப் பேச்சே இல்லீங்க. ஒவ்வொரு குழிக்கும் டங்கு டங்குங்குது. தாரணி தலை மேல போய் இடிச்சிருச்சு. அக்கா பின்னாடியிருந்து "தம்பி மெதுவா, தம்பி மெதுவா"ங்கறா. அவளுக்கு எப்பவுமே இடுப்பு வலி உண்டு, புதுசா ஒண்ணும் வரல. ஸ்கூல் முன்னாடி ஒரு வேகத்தடை. முன் சக்கரம் தாண்டிருச்சு. அடுத்து வயிறு போய் அதுமேல உக்காந்துக்கிச்சு. முன்னாலயும் போகல, பின்னாலயும் வரல. கீழ ஆயில் ஒழுகுது.

எறங்கித் தள்ள ஆளத் தேடுனா, ஆடு மேச்சுக்கிட்டு ஒரு பெரியவரு வந்தாரு. சுத்திச் சுத்திப் பாத்தாரு. நம்பரு பிளேட்டக் குனிஞ்சு பாத்துட்டு, தாரணியப் பாத்து, "அம்மிணி, இது டாக்டர் வண்டியல்ல? என்னாச்சு சாமி இதுக்கு?"ன்னாரு. சீக்காக் கெடக்கறவங்கள விசாரிக்கற மாதிரி! புள்ள நடுரோட்டுல நின்னு ஓன்னு அழுவுது. எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க. நாலு பேரு பாக்கறாங்க. காசையும் காலத்தையும் போட்டு இவ்வளவு பண்ணுனவன் பக்கத்துல நிக்கறேன், அவங்கப்பா போனப்பக்கூட அப்படி அழுவலீங்க அந்தப் புள்ள. ஒரு ஸ்பிரிங்குக்கு இந்த அழுகை.

ஆரு, சேனாபதியா? வாடா. வா வா. என்னது தாம்பாளம்? ஓகோ. வெத்தலை பாக்கா? ஆரு குடுத்து உட்டா, அக்காவா? சீர் செய்யற அருமைக்காரரா? அக்கா வரமாட்டாளாமா? ஏன், கூடப் பொறந்தவன நேர்ல வந்து கூப்பிட்டா இடுப்பு ஒடிஞ்சு போயிருமா? என்னது? ஒடிஞ்சுதான் கெடக்குதா? பாத்துப் பேசுடா. கையக் காலப் பிடிச்செல்லாம் கூப்பிட வேண்டாம். வெச்சுட்டுப் போ, அப்படி பானட்டு மேல வெய்யி. கீறல் உழுந்துரும், பாத்து! போ. நேரமாச்சுன்னா ஆவட்டும். நானா நேரத்தப் பண்றேன்?

பாத்தீங்களா? இவன் எங்க பெரியப்பா பையன். ஒண்ணுவிட்ட தம்பி. பால் ஏவாரம், ஒரு ஓட்ட ஆம்னி வேன் வெச்சிருக்கறான். இவங்கிட்டத் தாம்பாளத்தக் குடுத்து உடறாங்க. தாய்மாமனக் கூப்பிட பால்காரன். சும்மா பேருக்குக் கூப்பிடறதுங்க இது. நான் போகக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டே கூப்பிடறது.

எங்க உட்டேன்? ஆ, அழுகை. ஊட்டுக்கு வந்ததும் தாரணி நல்ல வார்த்தையாத்தான் கேட்டுச்சு. "மாமா, கலரு இருக்கட்டும். சீட்டு, வீலு, எல்லாம் இருக்கட்டும். வேற ஸ்பிரிங் போட்டு மறுபடி பழைய ஒசரத்துக்கு மட்டும் பண்ணிக் குடுங்க. நாள் இருக்குதில்ல"ன்னு. நாள் இருந்துச்சுங்க, இல்லைன்னு சொல்லல. நானுந்தான் யோசிச்சேன். ஆனா பிளெக்ஸ் கட்டியாச்சே! மூலனூர் முக்குல, பஸ் ஸ்டேண்டுல, இந்த மண்டபத்துல, எல்லா எடத்துலயும் எறக்குன வண்டியோட நான் நிக்கறேன். இப்ப வண்டி மட்டும் பழையபடி கெடாய் மாதிரி தூக்கிக்கிட்டு வந்தா, பிளெக்ஸுல நிக்கறவன் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெக்கறது? "தண்டபாணி பண்ணுனது தப்பாப் போச்சு, பிரிச்சுட்டான்"னு பேசுவாங்களா மாட்டாங்களா?

முடியாதுன்னுட்டேன். அதுகூட வாயால சொல்லல. பாக்கலாம் பாக்கலாம்னு தள்ளுனேன்.

என்ன பண்ணுச்சு தெரியுங்களா அந்தப் புள்ள? உங்க மாப்ளையையும் கூட்டிக்கிட்டு, கோச்சுக்காதீங்க, உங்க சொந்தம்னு தெரிஞ்சுதான் சொல்றேன், ரெண்டு பேருமா கோயமுத்தூரு போயி, உக்கடத்துப் பழைய சாமான் கடையெல்லாம் ஏறி எறங்கி, இந்த வண்டிக்குண்டான ஸ்பிரிங்கத் தேடிப் பிடிச்சுக் கொண்டாந்துட்டாங்க. கல்யாணத்தை வெச்சுக்கிட்டுப் பண்ற வேலையா இது? ஒரு நாளு சாக்குல சுத்தி எங்கடைக்கே கொண்டாந்து, மேசை மேல வெச்சு, "அந்தோணியண்ணன் ஒரே நாள்ல மாட்டித் தர்றேங்கறாரு மாமா"ங்குது. அந்தோணி! அவங்கிட்டயும் போய்ப் பேசிட்டு வந்திருக்குது. என்ற கடை பசங்க முன்னாடி. மூக்கறுத்த மாதிரி ஆயிருச்சுங்க. சிரிச்சுக்கிட்டே, "சரி கண்ணு, வெச்சுட்டுப் போ"ன்னு வாங்கி வெச்சேன்.

எங்கயும் வீசிப்போடல. டிக்கியத் தெறக்கறேன், பாருங்க. இதா, சாக்குக்கூடப் பிரிக்கல. இங்கதான் கெடக்குது. நான் அவ்வளவு கெட்டவன்னா ஆத்துல வீசியிருக்க மாட்டனுங்களா? பத்தரமா வெச்சிருக்கறேன். இது என்ற நல்ல மனசு. ஆருக்குப் புரியுது?

நேத்து வரைக்கும் நான் நெனச்சது என்னன்னா, கடைசி நேரத்துல ஏறிக்குவாங்க, வேற வழியில்லைன்னுதான். காலையில பூவெல்லாம் கட்டி, சாம்பிராணி போட்டு, அக்கா ஊட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்துனேன். பொண்ணு வெளிய வருது. கூறைச் சேலை, நெத்திச் சுட்டி, கண்ணுபட்டுரும் போல இருக்குது. நான் கதவத் தெறந்து நிக்கறேன். அந்த நேரம் பாத்து அக்கா சொல்றா, எல்லாரும் பாக்க, "வேண்டாந் தம்பி. என்னால முடியாது. புள்ளைக்கும் வேண்டாம்." தாரணி என்னையப் பாத்துச்சு. வண்டியப் பாத்துச்சு. பாத்துட்டு நேரா நடந்து போயி, சேனாபதி ஆம்னியில ஏறி உக்காந்துக்கிச்சு.

ஆம்னியிலீங்க! பால் கேன் வெக்கற வண்டி. கழுவித்தான் வெச்சிருந்தான், இருந்தாலும் நாத்தம் போயிருமா? டாக்டர் மகளு, தண்டபாணி அக்கா மகளு, பால் வண்டியில வந்து மண்டபத்துல எறங்குச்சு. நான் பின்னாடியே இந்தப் பூக் கட்டுன வண்டிய ஒத்தையா ஓட்டிக்கிட்டு வர்றேன். வழியில ஆருக்கோ கல்யாணம்னு ஆளுக எட்டிப் பாக்கறாங்க, உள்ள பாத்தா நான் ஒருத்தன் உக்காந்திருக்கறேன். வயிறு எரியுதுங்க. இப்ப நெனச்சாலும் எரியுது. இந்தக் கேட்டுல மேடு போட்டு வெச்சிருக்கறானுக பாருங்க மண்டபத்துக்காரனுக, அதுல வேற மாட்டிக்கிச்சு. சமையக்கார ஆளுகதான் பலகை போட்டுத் தூக்கி உட்டாங்க. உங்க ஆளுக ஒரு நாலஞ்சு பேரு நின்னு போன்ல எடுத்தாங்க. எடுக்கட்டும். அதுக்குத்தான எறக்குனது.

இருங்க இருங்க. ஆரு வர்றாங்க?

தாரணி! என்ன கண்ணு, இந்த வெயில்ல, இந்தக் கோலத்துல வெளிய வந்துட்ட? கூட ஆரு, சிநேகிதப் புள்ளையா? சேலையப் புடிச்சுக்க சாமி, மண்ணுல பெரளுது. என்னது? வர்றேன், வர்றேன். மாமன் வராம இருப்பனா? நானில்லாம உனக்கு ஆரு பட்டம் கட்டுவா? உன்ற வாயால கூப்பிட்டயே, அது போதும். ஒரே ஒரு வார்த்தை கண்ணு. இப்படி ஒரு நிமிசம் உக்காரு. முன் சீட்டுல. கேட்டு வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்துருவோம், பாக்கறவங்க பாக்கட்டும். எறங்குன உடனே உங்கூட உள்ள வர்றேன். நேரமிருக்குது, அருமைக்காரரு காத்திருப்பாரு. இவரு உங்க மாப்ள ஊட்டுக்காரருதான், இவரே சொல்றாரு வண்டி நல்லா இருக்குதுன்னு. சொல்லுங்களே... ஏனுங்க, அப்பச் சொன்னீங்களே?

என்ன கண்ணு குனிஞ்சு பாக்கற? டயருக்கு மேல கைய உடாத, வளையல் மாட்டிக்கும். எடமில்லைதான். அதுக்குத்தான கண்ணு எறக்குனது. பாக்க நல்லா இல்லையா? நீ ஒரு தடவ உக்காரு. உக்காந்து பாத்தாத்தான தெரியும். உங்கப்பா இருந்திருந்தா...

சரி, வேண்டாம். அவரப் பேசல. நீ உக்காரு, நான் வர்றேன். உக்காரலீன்னா நான் எப்படி வர்றது? இத்தன பேரு முன்னால ஆம்னியில போய் எறங்குன இல்ல, அப்ப மாமனுக்கு என்ன மருவாதி இருக்குது? நீயே சொல்லு.

தாரணி. ஏ தாரணி. நில்லு சாமி. பாத்துப் போ, படி இருக்குது...

போயிருச்சு பாருங்க.

நீங்களும் கேட்டீங்கல்ல, என்ன சொல்லிட்டுப் போகுதுன்னு? "எங்கப்பா வண்டியில நான் ஏறித்தான் உக்காருவேன் மாமா, இதுல எறங்கி உக்கார வேண்டியதா இருக்குது"ங்குது. ஒசரத்துல என்னங்க இருக்குது? அதும் போவட்டும். கடைசியில சொல்லுச்சே ஒரு வார்த்தை. கதவுக் கைப்பிடியத் தொட்டுக்கிட்டு நின்னு, "அப்பாவும் இல்லை. நீங்களுமா மாமா?"ன்னு.

நல்ல நாளும் அதுவுமா, முகூர்த்த நேரத்துல, உசுரோட நிக்கற ஆளப் பாத்து, போன மனுசனோட சேத்திப் பேசற பேச்சா இது? எப்படி வளத்திருக்கறா பாருங்க எங்கக்கா. நானென்ன செத்தா போயிட்டேன்? இங்க நிக்கறேன். கல்லு மாதிரி நிக்கறேன். காலையிலிருந்து இதே எடத்துல, அவங்களுக்காகத்தான நிக்கறேன்!

கண்ணு ஒண்ணுமில்லீங்க. சாம்பிராணிப் புகை.

கேக்குதுங்களா? மைக்குல மறுபடி பேசறாங்க. தாய்மாமன் மொறைக்கு... சேனாபதிங்கறாங்களா? "ஒண்ணுவிட்ட மாமன் சேனாபதி பட்டம் கட்டறாரு"ன்னு சொன்ன மாதிரிதான் எனக்குங் கேட்டுச்சு. பாத்தீங்களா? நான் சொன்னனா இல்லையா? மொதல்லயே பேசி வெச்சுட்டானுக. ஆம்னியில ஏத்தும்போதே முடிவு பண்ணிட்டானுக. தாம்பாளம் கொண்டாந்தானே, அது நோட்டம் பாக்க வந்தது. என்ற கை கட்ட வேண்டிய பட்டத்தப் பால் கறக்கற கை கட்டுது. அந்தப் புள்ள பொறந்தப்ப மொத மொத கையில வாங்குனவன் நானுங்க. மாமா ஏதோ தோட்டத்துல மாட்டு வைத்தியத்துக்குப் போயிட்டாரு, ஆசுபத்திரியில நான்தான் நின்னேன். நான்தானுங்க வாங்குனேன்.

அதா. கெட்டிமேளம்.

முடிஞ்சுதுங்க.

போங்க, நீங்க போங்க. அட்சதை போடோணுமில்ல. நான் எதுக்கு உங்களப் பிடிச்சு வெச்சுக்கிட்டு. சொந்தக்காரங்க, நீங்க இல்லைன்னா நல்லா இருக்காது. இந்த வெத்தலைத் தாம்பாளத்த மட்டும் போற வழியில உள்ள குடுத்துருங்க, வெயில்ல வாடுது. ஆராச்சும் உங்ககிட்ட மாமன் எங்கன்னு கேட்டா, மறைக்க வேண்டாம், உள்ளதச் சொல்லுங்க. வெளியில வண்டிகிட்டத்தான் நிக்கறாரு, காலையிலிருந்து நின்னுக்கிட்டே இருக்கறாரு, கடைசி வரைக்கும் ஒருத்தரும் வந்து ஒரு வார்த்தை கூப்பிடலைன்னு சொல்லுங்க.